நொர வழித்த பால்

தமிழில் ஒரு புலவருக்குப் பெயரே நுரையிலிருந்துதான் வந்திருக்கிறது. குறுந்தொகை 290ஆம் பாட்டைப் பாடியவர் கல்பொரு சிறுநுரையார். இயற்பெயர் தொலைந்துவிட்டது, அவர் சொன்ன உவமை மட்டும் பெயராக நிற்கிறது. அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களில் நுரைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அங்கே அது 'நொர'. வழித்துப் போட வேண்டிய ஒன்று.

பால்மரம் வெட்டிய காலத்தில், வாளி வாளியாக வந்த பாலை ஸ்டோரில் பெரிய தொட்டியில் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற நுரை கட்டும். பாலில் இருக்கும் புரதம் காற்றுக் குமிழியை உடையவிடாமல் பிடித்துக்கொள்ளும் (நாலு வருஷம் படித்தது இதற்காவது உதவுதே). ஆசிட் ஊற்றிப் பால் உறைவதற்குள் அந்த நுரையை வழித்துவிட வேண்டும். விட்டால் ஷீட்டில் குமிழி விழுந்து தரம் இறங்கிவிடும். வழித்ததையும் வீசமாட்டார்கள், உறையவைத்து மட்டரக ரப்பராக விற்பார்கள்.

1929இல் இங்கிலாந்தில், டன்லப் கம்பெனியின் விஞ்ஞானி இ. ஏ. மர்ஃபி அதே பாலை வேண்டுமென்றே அடித்து நுரைக்கவைத்தார். நுரை அடங்குவதற்குள் உறையவைத்தால் மெத்தை. இங்கே கழிவு, அங்கே சொகுசு! லயத்தில் பாய் விரித்துப் படுத்து, விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த மெத்தை கிடைத்திருக்குமா என்ன?

அவர்களுக்கென்று விட்டுவைத்த நுரை கள்ளில் இருந்தது. கூலி கொடுத்த தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. சாயங்காலம் கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போகும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பது இன்னொன்று. முன்னின்ற ஆர். எச். நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். குடிக்கிற கூட்டம் என்று நம்மைப் பற்றி இன்றும் சுலபமாகப் பேசுகிறவர்கள் அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான், தென்னமரம் எஸ்டேட்டில், 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டார்கள். பேர் தென்னமரம், நட்டது செம்பனை. பிறகு பால்மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செம்பனைப் பருப்பெண்ணெய் இப்போது சோப்பில் நுரைக்கிறது. மெத்தையை மட்டும் நாம் 'ஃபோம்' என்கிறோம். கடையில் போய் நுரை மெத்தை கேட்டால் சிரிப்பார்கள்.