மாத்திரைக்குத் துணையா வந்த பேச்சு: ஒரு சின்ன வரலாறு (நீளமான இழை)

குயிலாப்பாளையம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.) உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் நார்மல். "எப்போ ஆரம்பிச்சதும்மா?"ன்னு கேட்டேன். உடம்பைப் பத்தியே சொன்னாங்க. "அப்போ வீட்டுல என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டதும் அழுதுட்டாங்க. இருந்த ஒரே நிலத்தை மகன் வித்துட்டான்.

அந்த ரெண்டாவது கேள்வி எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன்.

1969, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். மனநல மருத்துவர் ஜெரால்ட் கிளெர்மன் குழு ஒரு மருந்து ஆய்வுக்குத் தயாராகுது. மருந்து அமிட்ரிப்டிலின், இன்னைக்கும் நாம எழுதுற அதே மாத்திரை. மனச்சோர்வு குறைஞ்சவங்களுக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தா நோய் திரும்பாம இருக்குமா? இதுதான் கேள்வி. ஆனா நிஜ வாழ்க்கையில நோயாளிங்க மாத்திரையோட யார்கிட்டயாவது பேசவும் செய்றாங்களே! அதனால ஆய்வுல பேச்சு சிகிச்சையும் சேர்ந்தது. அதை வடிவமைச்சதுல முக்கியமானவர் மிர்னா வைஸ்மன். அப்போ அவர் டாக்டர் இல்லை, சமூகப் பணியாளர். அந்தச் சிகிச்சைக்கு முதல்ல சரியான பேர்கூட இல்லை, "ஹை கான்டாக்ட்"னு குறிச்சு வச்சாங்க.

1974ல முடிவு வந்தது. நோய் திரும்பாம தடுத்தது மாத்திரை. குடும்பத்துல, வேலையில, மனுஷங்களோட பழகுறதுல முன்னேற்றம் கொடுத்தது பேச்சு. இதுதான் பின்னாடி இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி, சுருக்கமா ஐ.பி.டி. ஆச்சு.

இதுல சின்ன வயசு நினைவுகளைத் தோண்ட மாட்டாங்க. நோய் ஆரம்பிச்ச சமயத்துல உறவுகள்ல என்ன நடந்ததுன்னு பார்ப்பாங்க. ஒருத்தரோட சாவு, தீராத தகராறு, வாழ்க்கை நிலை மாறினது, உறவே அமையாத தனிமை. இந்த நாலுல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு 12 முதல் 16 வாரம் வேலை செய்வாங்க.

மூணாவதுக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேணாம். 1968ல பக்கத்துல ஆரோவில் தொடங்கினப்போ இந்த ஊர்கள்ல நிலக்கடலை, முந்திரிதான் பிழைப்பு. இப்போ அதே குடும்பங்கள்ல பிள்ளைங்க கெஸ்ட் ஹவுஸ்லயும் பட்டறையிலயும் சம்பளத்துக்குப் போறாங்க. வருமானம் கூடியிருக்கலாம். ஆனா விவசாயின்னு இருந்த ஆள் இப்போ யாரு?

1984ல கிளெர்மனும் வைஸ்மனும் கூட்டாளிகளும் இதைப் புத்தகமாக்கினாங்க. முறையை எழுதி வச்சதால மத்தவங்களுக்குக் கத்துக்கொடுக்க முடிஞ்சது. முதல்ல படிச்ச நிபுணர்களுக்கு மட்டும்தான். அந்த வேலியை உடைச்சது உகாண்டா.

2002ல எய்ட்ஸ் சூறையாடின மசாகா, ராக்காய் பகுதியில 30 கிராமங்கள். மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரங்களுக்கு ரெண்டு வாரப் பயிற்சி. அவங்க 16 வாரம் குழுவா உக்கார வச்சுப் பேச வச்சாங்க. குழுவுல இருந்தவங்கள்ல மனச்சோர்வு 86 சதவீதத்துல இருந்து 6.5 ஆகக் குறைஞ்சது. குழு நடத்தாத கிராமங்கள்ல 94ல இருந்து 54.7. அந்த ஊருக்குப் பொருந்தலைன்னு நாலாவது பிரச்சினையான தனிமையை விட்டுட்டாங்க. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் நம்ம கோவா. விக்ரம் படேல் குழுவோட மானஸ் ஆய்வு, 2010ல லான்செட்ல வந்தது. சாதாரணப் பட்டதாரிகளுக்கு ரெண்டு மாசப் பயிற்சி. நோயைப் பத்திச் சொல்லித் தர்றது, மருந்து, ஐ.பி.டி. எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஆறு மாசத்துல 65.9 சதவீதம் பேர் குணமானாங்க, இது இல்லாத இடங்கள்ல 42.5. தனியார் கிளினிக்குகள்ல வித்தியாசம் தெரியலை. அங்க டாக்டரே நின்னு நாலு வார்த்தை பேசுறதாலயா இருக்கும்னு நினைக்கிறேன்.

இப்போ என் கதை. எம்.டி. மூணு வருஷத்துல மருந்து அளவெல்லாம் தலைகீழா ஒப்பிச்சேன். ஆனா நான் நோயாளிகிட்ட பேசுறதை ஒரு சீனியர் முழுசா கேட்டு, "இங்க அவசரப்பட்டுட்ட"ன்னு திருத்தினது ஒரு தடவைகூட இல்லை. ஐ.பி.டி. பயிற்சியோட உயிரே அந்தத் திருத்தம்தான். வகுப்பு முடிஞ்சதும் மேற்பார்வையில நிஜ நோயாளிகளைப் பார்த்தாகணும். நான் அதைத் தேடிப் போய்க் கத்துக்கிட்டது ரொம்ப லேட்டா.

அந்த அம்மாவுக்கு ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் எழுதினேன். அடுத்த செவ்வாய் மகனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். "அவன் வர மாட்டான் டாக்டர்"னாங்க. நீங்க வாங்கம்மா, அதுல இருந்தே ஆரம்பிப்போம்னு சொன்னேன்.