தொலேதோவின் வெண்தூண்கள்

தாஹோ ஆறு மூன்று புறமும் வளைந்தோட, குன்றின்மேல் நிற்கிறது ஸ்பெயின் நாட்டுப் பழம்பெரும் நகராம் தொலேதோ. அதன் யூதர் குடியிருப்பில் நடந்துசெல்லும் நம்மை எளிய செங்கற் கட்டடம் ஒன்று உள்ளே அழைக்கிறது. அங்கே வெண்தூண்கள், அவற்றின்மேல் குதிரை லாட வடிவ வளைவுகள்.

1085இல் இந்நகர் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்போன்சோவின் வசமாயிற்று. அதன் பின்னர் யூதர் தமக்கென எழுப்பிய தொழுகைக்கூடம் இது. கட்டடக்கலை மரபோ முஸ்லிம்களுடையது. மூன்று சமயத்தாரும் அருகருகே வாழ்ந்த அந்நாள்களில், அரபு மொழியில் இருந்த அறிவு நூல்கள் பல இங்குதான் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன.

அந்த உறவு நிலைக்கவில்லை. 1391இல் யூதர்மீது கொடிய வன்முறை பாய்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கூடம் ஆலயமாக்கப்பட்டு, 'தூய வெண்மரியா' எனப் பெயர் பெற்றது. 1492இல், திருமுழுக்குப் பெற இசையாத யூதர் அனைவரும் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். மரியாவும் யூதகுலப் பெண்ணே! அவரது பெயர் தாங்கிய ஆலயம் இருந்த ஊரில் அவருடைய இனத்தாருக்கு இடமில்லாது போயிற்று.

யூதர்மீதான வெறுப்பை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளிப்படையாகக் கண்டித்தது. தொலேதோவின் தூண்களை வியக்கும் நாம், அவற்றை நிறுத்தியோரின் மக்கள் எங்கே எனவும் வினவுதல் வேண்டும்.