பிரான்சில் ஊர் விட்டு ஊர் செல்ல: காரா, ரயிலா?

பிரான்சுக்கு விமான டிக்கெட் எடுத்தவுடன் குடும்பத்தில் எழும் கேள்வி இது. பாரிஸில் இறங்கிய பிறகு கார் வாடகைக்கு எடுப்பதா, ரயிலில் போவதா? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பலமுறை ஓட்டிப் பழகிய நம்மவர்கள், "எல்லாரும் ஒரே வண்டியில் போனால் மிச்சம்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பிரான்சில் அந்தக் கணக்கு எல்லாப் பயணத்துக்கும் பொருந்தாது.

பொதுவான விதி எளிது. பெரிய நகரத்திலிருந்து பெரிய நகரத்துக்கு ரயில். கிராமங்கள், மலைகள், திராட்சைத் தோட்டங்கள் பார்க்கக் கார். பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே ஏற்றது.

தூரமும் நேரமும்

பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி, 1981ஆம் ஆண்டு பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இன்று அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலும், சில தடங்களில் 320 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடுகிறது. நம் நாட்டு இடிஎஸ் ரயிலின் உச்ச வேகம் 140 கிலோமீட்டர். நேரத்தைச் சுமாராக ஒப்பிட்டால்:

பாரிஸ் – லியோன்: ரயிலில் 2 மணி நேரம்; காரில் 465 கி.மீ., நாலரை மணி நேரத்துக்கு மேல்.

பாரிஸ் – ஸ்ட்ராஸ்பூர்: ரயிலில் 2 மணி நேரத்துக்குள், காரில் 490 கி.மீ., 5 மணி நேரம்.

பாரிஸ் – போர்தோ: ரயிலில் 2 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், காரில் 585 கி.மீ., 6 மணி நேரம்.

பாரிஸ் – மார்செய்: ரயிலில் மூன்றேகால் மணி நேரம், காரில் 775 கி.மீ., எட்டு மணி நேரம். ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை ஒரே நாளில் ஓட்டுவது போன்றது.

ஆனால் அதிவேகத் தடங்களில் பெரும்பாலானவை பாரிஸிலிருந்து கிளம்பும் சக்கர ஆரங்கள் போல அமைந்தவை. போர்தோவிலிருந்து லியோன் போன்ற குறுக்குப் பயணத்துக்குப் பாரிஸ் வழியாகச் சுற்றிப் போக வேண்டிவரும். அங்கே ரயிலின் வேகத்தால் கிடைக்கும் லாபம் குறைந்துவிடும்.

செலவுக் கணக்கு

நான்கு பேர் பாரிஸிலிருந்து மார்செய் போவதாக வைத்துக்கொள்வோம். டோல் மட்டும் 60 யூரோவைத் தாண்டும். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் என்றால் 46 லிட்டருக்கு மேல் பெட்ரோல் பிடிக்கும். லிட்டர் ஒன்றரை யூரோவுக்கு மேல் விற்பதால் அதற்கு 70 யூரோவுக்குக் குறையாது. ஆக, டோலும் பெட்ரோலும் சேர்ந்தே 130 யூரோவைத் தாண்டிவிடும். இதன்மேல் கார் வாடகை, காப்புறுதி, நகரத்தில் நிறுத்தும் கட்டணம். எடுத்த ஊரிலேயே காரைத் திருப்பித் தராமல் வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணமும் உண்டு. பலரும் கவனிக்காமல் விடும் செலவு இதுதான்.

ரயில் டிக்கெட்டின் விலை விமான டிக்கெட்டைப் போல மாறும். பல வாரங்களுக்கு முன்பே வாங்கினால் ஒருவருக்கு 30, 40 யூரோவுக்கும் கிடைக்கலாம். கடைசி நேரத்தில் அதே இருக்கை 100 யூரோவைத் தாண்டலாம். எனவே ஒருவர், இருவர் என்றால் ரயிலே மலிவு. நால்வர் முன்கூட்டியே வாங்கினாலும் ரயில் தோற்காது. ஐந்தாறு பேர் கடைசி நேரத்தில் முடிவெடுத்தால் கார் மலிவாக இருக்கலாம்.

ரயிலில் போகிறவர்கள் கவனத்துக்கு

பாரிஸில் எல்லா ரயிலுக்கும் பொதுவான ஒரே நிலையம் கிடையாது. லியோன், மார்செய், நீஸ் செல்ல கார் து லியோன். போர்தோ, லூர்து செல்ல மோன்பர்னாஸ். ஸ்ட்ராஸ்பூர் செல்ல கார் து லெஸ்த். லில் நகருக்கும் லண்டனுக்கும் கார் து நோர். டிக்கெட்டில் உள்ள நிலையப் பெயரை இருமுறை பாருங்கள். பாரிஸ் நகருக்குள் போகத் தேவையில்லாதவர்களுக்கு, சார்ல் து கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்தே லியோன், மார்செய் போன்ற நகரங்களுக்கு நேரடி டிஜிவி உண்டு.

நடைமேடை எண், புறப்பட 20 நிமிடத்துக்கு முன்னர்தான் பலகையில் வரும். கதவுகள் 2 நிமிடம் முன்னதாகவே மூடப்படும். பெட்டிகளை நீங்களே தூக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதிய அட்டை கட்டாயம். மலிவு விலை ரயிலான உய்கோவில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

வேலை நிறுத்தம் அங்கே சாதாரணம். எந்த ரயில் ஓடும் என்ற விவரம் முதல் நாள் மாலை வெளிவரும். ஊர் திரும்பும் விமான நாளன்று நீண்ட ரயில் பயணம் வைக்காமல், ஒரு நாள் முன்பே பாரிஸ் வந்துவிடுங்கள். கார் து நோர் அருகே லா ஷப்பேல் வட்டாரத்தில் தமிழர் கடைகளும் உணவகங்களும் நிறைந்திருப்பதால், சைவ உணவுக்காரர்கள் அங்கே தங்குவது வசதி.

கார் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

பிரான்சில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பதின்மூன்று மணி நேர விமானப் பயணம் முடித்து, தூக்கம் கெட்ட நிலையில் விமான நிலையத்திலேயே காரை எடுப்பது ஆபத்து. முதல் இரு நாள்கள் பாரிஸில் மெட்ரோவிலும் காலாலும் சுற்றுங்கள். பிறகு ரயிலில் வெளியூர் சென்று, அங்கே காரை எடுங்கள். பாரிஸுக்குள் பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு 30 கிலோமீட்டர்தான். கார் அங்கே சுமை.

மலேசியாவில் டிஏ உரிமமும் சிங்கப்பூரில் 3ஏ உரிமமும் வைத்திருப்பவர்கள் ஆட்டோ கார்தான் ஓட்ட முடியும். பிரான்சில் வாடகைக் கார்களில் மேனுவல் வகை அதிகம். ஆட்டோ வேண்டும் என்று குறிப்பிட்டு முன்பதிவு செய்யுங்கள், வாடகை கூடுதலாகும். அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். மலேசியாவில் ஜேபிஜே, சிங்கப்பூரில் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்குகின்றன.

நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130 கிலோமீட்டர். மழை பெய்தால் 110. சாதாரண இருவழிச் சாலையில் பொதுவாக 80, ஊருக்குள் 50. வேறு குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை. சிறிய சந்து என்று அலட்சியம் வேண்டாம்.

டோல் சாவடியில் ஆரஞ்சு நிற 'டி' எழுத்து மட்டும் உள்ள தடத்தில் நுழையாதீர்கள். அது நம் ஊர் ஸ்மார்ட் டேக் போலக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. பச்சை அம்புக்குறி உள்ள தடத்தில் செல்லுங்கள். பாரிஸிலிருந்து நோர்மாண்டி செல்லும் ஏ13 சாலையில் சாவடியே இல்லை. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களே பணம் கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும்.

லூர்து செல்வோருக்கு

1858இல் அன்னை மரியா காட்சி தந்ததாக நம்பப்படும் லூர்து, நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நெடுநாள் ஆசை. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த ஆலயமும், கிள்ளானில் உள்ள ஆலயமும் அந்த அன்னையின் பெயரைத் தாங்கியவை. வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் காரையே நினைப்பார்கள். ஆனால் பாரிஸிலிருந்து சாலை வழி 800 கிலோமீட்டருக்கு மேல். நிறுத்தி நிறுத்திப் போனால் முழு நாளும் போய்விடும். டிஜிவியில் சுமார் ஐந்து மணி நேரம்; கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கலாம். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் முன்கூட்டியே பதிவு செய்தால், நிலையத்தில் இலவசமாக ஏற்றி இறக்கி விடுவார்கள். பெற்றோருடன் போகிறவர்களுக்கு ரயிலே நல்லது.

எப்படி முடிவெடுப்பது?

போக வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ரயில் நிலையம் இருக்கிறதா, அங்கிருந்து தங்குமிடத்துக்கு நடக்க முடியுமா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் கார் வேண்டாம். புரோவான்ஸ் மலைக் கிராமங்கள், அல்சாஸ் திராட்சைத் தோட்டங்கள், தோர்தோஞ் பள்ளத்தாக்கு போன்றவை இருந்தால், அருகிலுள்ள பெரிய நகரம் வரை ரயிலில் போய், அங்கே இரண்டு மூன்று நாளுக்குக் கார் எடுத்து, அதே ஊரில் திருப்பிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மதிய நேரத்திலும் சிறிய ஊர் வாடகை அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.