சூட்டுக்கோல் வரைந்த சித்திரங்கள்

சிட்னி மாநகரின் தென்கிழக்கே, பாட்டனி வளைகுடாவின் வடகரையில் அமைந்த லா பெரூஸ் என்னும் சிற்றூரில் ஆதிக்குடி மக்கள் தம் கையால் செதுக்கிச் சித்திரமிட்டு விற்ற பூமராங்குகளை, இன்று பழம்பொருள் சேகரிப்போர் பேராவலுடன் தேடுகின்றனர். பூமராங் நம் சிவகங்கைச் சீமையின் வளரியை ஒத்த எறிபடை. அச்சொல் சிட்னிப் பிரதேசத்துத் தாருக் மொழிக்கு உரியது. தென் ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பு நிலத்தில் 1970-களில் அகழ்ந்தெடுத்த மரப் பூமராங்குகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை வாய்ந்தவை.

இத்துணைத் தொன்மையான ஆயுதம் விற்பனைப் பண்டமானது வறுமையின் நிர்ப்பந்தத்தால். 1895-இல் லா பெரூஸில் ஆதிக்குடிகளுக்கென ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்பட்டது. 1902-இல் டிராம் பாதை அவ்வூரை எட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குரியதாயிருந்த பூமியை இழந்து நின்ற அம்மக்களுக்கு, விடுமுறை நாட்களில் டிராமில் வந்திறங்கிய உல்லாசப் பிரயாணிகளின் சில்லறைக் காசு ஜீவனோபாயமாயிற்று. பெண்டிர் கிளிஞ்சல் பதித்த சிறு பெட்டிகளைச் செய்தனர். ஆடவர் பூமராங் செதுக்கினர்.

நேரான பலகையில் வளைவை அறுத்தெடுத்தால், வளையுமிடத்தில் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டு, தரையில் மோதிய மாத்திரத்தில் முறிந்துவிடும் என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்த அவர்கள், இயற்கையாகவே முழங்கைபோல் மடங்கிய கண்டல் மர வேர்களைத் தேடிக் கொணர்ந்து, கோடரியால் செதுக்கி, அரத்தால் ராவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, பின்னர் வேலிக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி அதன் முனையால் கங்காருவையும் ஈமுப் பறவையையும் வாரட்டா மலரையும் தீட்டினர். 1932-இல் சிட்னித் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டபின் அதன் வில்வளைவும் இம்மரத்தில் ஏறிற்று. பின்னாளில் நீர்வண்ண ஓவியராய்ப் பெரும் கீர்த்தி எய்திய ஆல்பர்ட் நமட்ஜிராவும், மத்திய ஆஸ்திரேலியாவில் முல்கா மரத்தின்மேல் இவ்விதம் சூடிட்டு வரைந்தே கைபழகியவர்.

பிரயாணிகளுக்காகச் செய்தவை ஆதலால் இவை சுத்தமான கலையல்ல என்று பண்டிதர் சிலர் நெடுங்காலம் ஒதுக்கினர். என் சித்தம் அதை ஏற்கவில்லை. அந்நியர் எழுப்பிய பாலத்தைத் தம் முன்னோரின் ஆயுதத்தின்மேல் தம் கரத்தால் எழுதிய மக்களின் காலத்தை, வேறெந்தப் பொருள் இத்தனை நெருக்கமாய்க் காட்டும்? பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயர் இல்லை. ஆயினும் உற்று நோக்கினால், கங்காருவின் முதுகில் கன்னங்கரேலெனத் தொடங்கிய கோடு வாலருகே பழுப்பாய் மங்கி, மீண்டும் கருமை பெறும். கம்பி ஆறியதும் அவர் அதை நெருப்பில் வைத்துக் காத்திருந்த இடம் அது.