திரை கறுத்தால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமல்ல

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் முடித்துக்கொண்டது. வின்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்கிறது. புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் பக்கம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி முயன்றுவிட்டு என்னிடம் உதவி கேட்பவர்கள் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: “போட்டுப் பாத்தன், திரை கறுத்துப்போச்சு.”

செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் இருக்கும் பழைய கணினிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், காணி உறுதியின் ஸ்கேன். இடம்பெயர்வுகளில் மூலப்பிரதிகளைத் தொலைத்த குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது இவைதான். திரை கறுத்ததும் பதறிப்போய்க் கணினியைக் கடையில் கொடுத்து, “ஃபோர்மட் பண்ணித் தாறம்” என்பதற்குத் தலையாட்டினால், அந்த மிச்சமும் போய்விடலாம். ஆகவே யாரிடமும் கொடுக்க முன்னர் நீங்களே செய்து பார்க்கக்கூடியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். திரைக்குப் படத்தை அனுப்புவது கிராஃபிக்ஸ் சிப். கோப்புகள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். முன்னது வேலை செய்யாவிட்டாலும் பின்னதற்கு ஒன்றும் ஆகாது.

நிறுவாமல் பாருங்கள்

உதாரணத்துக்கு லினக்ஸ் மின்ட்டை எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு இலகுவானது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். அப்போது ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. கோப்புகளைத் திறக்கும் செயலியில் இடப்பக்கம் உங்கள் பழைய டிஸ்க் தெரியும். அதைத் திறந்து, முக்கியமானவற்றை வேறொரு டிரைவுக்குப் பிரதி எடுங்கள். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பிரதி எடுக்கும்வரை நிறுவும் வேலையைத் தொட வேண்டாம். நிறுவும்போது ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்றொரு தெரிவு வரும். உண்மையில் பயப்பட வேண்டியது கறுத்த திரைக்கு அல்ல, அந்தத் தெரிவுக்குத்தான்.

திரை முழுக்கக் கறுப்பு

மேசைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்ட் பூட்டியிருந்தால், மொனிட்டர் கேபிள் அதில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மடிக்கணினி என்றால் அறையை இருட்டாக்கி, டோர்ச் லைட்டைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி சரியாகவே ஓடுகிறது, பின்னொளிதான் எரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் லினக்ஸ் உயிரோடு இருக்கிறது, கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டுமே தடுமாறுகிறது என்று பொருள். பெரும்பாலும் என்விடியா கார்ட் உள்ள கணினிகளில்தான் இது நடக்கும். இன்டெல், ஏ.எம்.டி. சிப்களுக்கான டிரைவர்கள் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இருக்கின்றன. என்விடியாவுக்கு அங்கே இருப்பது ‘நூவோ’ என்ற திறந்த டிரைவர். அது எல்லாக் கார்ட்களோடும் ஒத்துப்போவதில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது வரும் பட்டியலில் ‘கொம்பாட்டிபிலிட்டி மோட்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஏற்கெனவே நிறுவிய கணினி என்றால், அதைத் தொடக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் ‘கிரப்’ பட்டியலை வரவழைத்து, ஈ விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். என், ஓ, எம், ஓ, டீ, ஈ, எஸ், ஈ, ரீ என ஒன்பது சிறிய எழுத்துகள். பிறகு எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. அதனால் பிழையாக எழுதினாலும் கணினியை மறுபடி தொடக்கினால் பழையபடி வந்துவிடும்.

படம் வந்தது, ஆனால் பெரிதாக இருக்கிறது

இப்போது எழுத்துகள் பருத்து, திரை 1024க்கு 768 போன்ற குறைந்த அளவில் வரலாம். இது இன்னொரு கோளாறு அல்ல. சரியான டிரைவர் இன்னும் ஏறவில்லை என்பதுதான் காரணம். நிறுவிய பிறகு இணையத்தில் இணைந்து, மெனுவில் ‘டிரைவர் மனேஜர்’ என்பதைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தடவை தொடங்கும்போது நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கேட்டு உறுதிப்படுத்தும். அந்த நீலத் திரையைப் பலர் பிழைச் செய்தி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். கடந்தால் டிரைவர் ஏறாது.

டிரைவர் சரி, அளவு மட்டும் தவறு என்றால் கேபிளைப் பாருங்கள். மொனிட்டர் தன் அளவைக் கேபிள் வழியாகவே கணினிக்குச் சொல்கிறது. பழைய வி.ஜி.ஏ. கேபிளிலும் மலிவான அடெப்டரிலும் அந்தத் தகவல் சில வேளை போய்ச் சேராது.

முறைப்பாட்டுக் கடிதம் ‘ஆங்கிலமாக’ மாறிவிட்டது

நம்மவர்களை அதிகம் கலங்கவைப்பது இதுதான். பழைய கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. நம் நாட்டில் பல கடிதங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே வெளியே தெரியும். பழைய டிஸ்க்கின் வின்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபொன்ட்ஸ்’ பகுதியிலிருந்து பாமினியைப் பிரதி எடுத்து, மின்ட்டில் இரட்டைச் சொடுக்குச் செய்து நிறுவுங்கள். கடிதம் திரும்பவும் தமிழில் தெரியும். வசதி கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றியும், பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். பத்து வருடம் கழித்து எந்தக் கணினியில் திறந்தாலும் வாசிக்க முடியும்.

இவ்வளவும் செய்தும் திரை வரவில்லையா? பென் டிரைவைக் கழற்றிவிட்டு வழமைபோல வின்டோஸைத் தொடங்குங்கள். நிறுவாதவரை அது அப்படியே இருக்கும். கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் முதலில் பிரதி எடுங்கள். முடியாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுங்கள். திரையைத் திருத்த அந்த டிஸ்க் தேவையில்லை. அதில் இருக்கும் வாக்குமூலங்களையும் பெயர்களையும் முன்பின் தெரியாத ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.