மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: யாழ்ப்பாணத்துக் கார்களின் சிலிண்டர் ஹெட் பட்ட பாடு

பெற்றோல் எஞ்சினில் எரிவின் அழுத்தமும் சூடும் ஒருசேர வந்து தாக்கும் உறுப்பு சிலிண்டர் ஹெட். அது எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு, 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கராஜ்கள் தம் வழியில் விடை கண்டன. அங்கு எஞ்சினைச் சோதித்தது வேகமல்ல, எரிபொருள்.

நல்லூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஓடிய வாடகைக் கார்களில் பல 1950களில் வந்த பிரித்தானிய வண்டிகள்: ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இலக்கத் தகட்டில் ஏறுமுன்பே பதிவானவை இவற்றில் உண்டு. 1960களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடு, இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கத்தை வளர்த்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பானிய கார்கள் வந்த பிறகும் பழையவை ஒதுக்கப்படவில்லை.

இவ்வண்டிகளின் எஞ்சின் பிறந்த சூழலைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் தொடங்கியது முதல் 1953 வரை பிரித்தானியாவில் கிடைத்தது ‘பூல்’ எனப்பட்ட தரங்குறைந்த பெற்றோல். போருக்குப் பின் அதன் ஒக்ரேன் எண் 70 அளவில் இருந்தது. அதற்கேற்பவே ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றின் 1200 சிசி எஞ்சினுக்கு 7.2:1 என்ற அமுக்க விகிதம் அமைந்தது. ஹெட் கனத்த வார்ப்பிரும்பு. மட்டமான எரிபொருளை மனத்தில் வைத்து வார்த்த இந்த எஞ்சின், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதைவிட மட்டமானதைக் குடிக்க நேர்ந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தன. விளக்குக்கென மட்டுப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே வாகனத்துக்கும் எரிபொருளானது. பெற்றோல் 30 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 150 பாகை வேண்டும். குளிர்ந்த எஞ்சின் அதில் கிளம்பாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றரில் சில துளி விட்டுக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிரித்தானிய பண்ணைகளில் பெர்குசன் உழவு இயந்திரங்களும் இப்படித்தான் ஓடின. ஆனால் அவற்றுக்கு அமுக்கம் குறைந்த தனி எஞ்சினைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது.

தொழிற்சாலை எஞ்சின் மாறாத இடத்தில் அடி முழுவதும் ஹெட்டில் விழுந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு என்பதால், தீப்பொறியின் சுவாலை சென்று சேருமுன்பே சிலிண்டரின் மறுபுறக் கலவை தானாக வெடிக்கிறது. அதுவே ‘நொக்கிங்’, மேட்டில் ஏறும்போது கேட்கும் கிணுகிணுப்பு. தொடர்ந்தால் கஸ்கெற் எரியும், வெளியேற்று வால்வின் விளிம்பு தின்னப்படும். தடித்த கஸ்கெற் போட்டு அமுக்கத்தைக் குறைப்பது ஒரு மாற்று; டிஸ்ரிபியூற்றரைத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தவைப்பது மற்றது. பின்னதில் நொக்கிங் அடங்கும், ஆனால் வெளியேறும் புகை மேலும் சூடாகி வால்வையே சுடும். சரியாக எரியாத எரிபொருள் கரியாகப் படிந்து அறையைச் சுருக்குவதால் அமுக்கம் மீண்டும் ஏறும். எனவே ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி, வால்வை உரைத்துப் பூட்டுவது அடிக்கடி வரும் வேலை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே எண்ணெயில் இறங்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்; விரலில் தொட்டால் வழுவழுப்பு இராது.

நொக்கிங் என்ற இதே பகையை, வேறு காரணத்தால், காற்றால் குளிரும் ரர்போ எஞ்சின்களும் எதிர்கொண்டன. அங்கே குற்றவாளி எரிபொருளல்ல, திணிக்கப்படும் காற்று. 1962இல் வந்த ஷெவ்ரோலே கோர்வெயர் ரர்போவில் அமுக்க விகிதம் 8:1. 1975 போர்ஷ 911 ரர்போ அதை 6.5:1 வரை இறக்கியது; அதாவது சோமர்செற்றைவிடக் குறைவு. 1978இல் 935 பந்தயக் காருக்கு ஹெட்டை மட்டும் நீரால் குளிர்வித்து, சிலிண்டரோடு பற்றவைத்தார்கள். எரிவதற்குக் கஸ்கெற்றே இல்லை. போர்ஷ ஹெட்டை வலுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் கராஜ்காரரிடம் அதற்கான உலோகமும் இல்லை, இயந்திரமும் இல்லை. அவர் ஹெட்டின் சுமையைக் குறைத்தார். பழைய வண்டி தப்பியதற்கு அதன் உறுதியைப் புகழ்வது வழக்கம். குறைந்த அமுக்கத்துக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு.

2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்த பின் பெற்றோல் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெய்க் கார்களுக்குத் தேவை குறைந்தது. 2022 ஓகஸ்ரில் அரசு மண்ணெண்ணெய் விலையை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தியதோடு, மலிவு என்ற காரணமும் இல்லாமற் போயிற்று.