கோட்கர் மாப்பிள்ளை கொண்டுவந்த ஆப்பிள்

டிசம்பர் கடைசி வாரம். ஜனக்புரியில் காலை ஒன்பது மணிக்கும் எதிர் பிளாக் தெரியாத மூடுபனி. ஹீட்டரைச் சுத்தி மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கு. அமெரிக்காவில் படிக்கிற மகள் லீவுக்கு வந்திருந்தா. அவதான் ஆரம்பிச்சு வெச்சா. "அப்பா, இந்தக் குளிருக்கு ஹாட் ஆப்பிள் சைடர் இருந்தா எப்படி இருக்கும் தெரியுமா? வீட்லயே போடலாம்."

நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "இங்கிலாந்துல சைடர்னா மது ஆச்சே"ன்னு சொல்லித் தொலைச்சேன். அம்மா காதில் அது மட்டும் சரியா விழுந்தது.

"அப்ப கள்ளுதானே மக்ளே? இந்த வீட்டு அடுப்புல அது ஏறாது."

அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். அவங்க அப்பா தென்னந்தோப்பு முழுசையும் கள்ளுக்கடையில் விட்டவர். அதனால இது வேடிக்கைப் பேச்சில்லைன்னு வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. சமாளிக்க வேண்டிய பொறுப்பு என் தலையில்.

நல்லவேளை, அம்மாவுக்குப் புரியிற உதாரணம் அவங்க ஊரிலேயே இருக்கு. பனைமரத்தில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினா இறங்குவது அக்கானி. மத்த ஊரில் பதனீர்னு சொல்வாங்க. சுண்ணாம்பு இல்லேன்னா புளிச்சுக் கள்ளாயிடும். மரமும் ஒண்ணு, சாறும் ஒண்ணு. ஆப்பிள் கதையும் அதேதான். பிழிஞ்ச சாறைப் புளிக்க வெச்சா இங்கிலாந்துக்காரன் சைடர். புளிக்காம, வடிகட்டாம, கலங்கலா அப்படியே குடிச்சா அமெரிக்காக்காரன் சைடர். அங்கே மதுவா வேணும்னா 'ஹார்ட்' சைடர்னு தனியா கேக்கணும்.

ஆனா ஒரு விஷயத்தை அம்மாகிட்ட மறைச்சுட்டேன். அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தா அவங்க சொன்னதுதான் சரி. சைடர் என்ற சொல் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம்னு பின்னாடி போய் ஹீப்ருவில் 'ஷேகார்' என்ற சொல்லில் முடியுது. அர்த்தம், போதை தரும் பானம்!

அமெரிக்காவில் ஆப்பிள் முதலில் பரவியதே பெரும்பாலும் குடிக்கத்தான். ஜானி ஆப்பிள்சீட்னு பேர் வாங்கின ஜான் சாப்மன் (1774-1845) ஊர் ஊரா விதை போட்டு நாற்றங்கால் வெச்சார். ஆப்பிள் விதை தாய்மரத்தின் குணத்தோடு முளைக்காது. பெரும்பாலும் புளிப்பு, துவர்ப்புதான் வரும். நல்ல பழம் வேணும்னா ஒட்டுக்கட்டணும். ஆனா சைடருக்குப் புளிப்பும் துவர்ப்பும்தானே வேணும்? அதனால யாரும் கவலைப்படலை. பிறகு மதுவிலக்கு இயக்கம் வளர்ந்தது, ஜெர்மானியக் குடியேறிகளோட பீர் வந்தது, கடைசியில் 1920ல் நாடு முழுக்க மதுவிலக்கே வந்தது. குடிக்கிற ஆப்பிள் போய், கடிச்சுத் தின்கிற ஆப்பிள் ராஜாவாச்சு.

அந்த ராஜாவின் பேர் டெலிஷியஸ். அயோவா மாநிலத்தில் பெரு என்ற சின்ன ஊரில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயி தோட்டத்தில் தானா முளைச்ச மரம். 1893ல் ஸ்டார்க் சகோதரர்கள் நர்சரி நடத்தின போட்டியில் ஜெயிச்சது. அந்த நர்சரி இருக்கிற ஊர் பேர் லூசியானா, ஆனா அது மிசௌரி மாநிலத்தில் இருக்கு. லூசியானா மாநிலம்னு நிறைய பேர் தப்பா எழுதிடறாங்க. போகட்டும்.

இந்த மரம் நம்ம பக்கம் வந்த கதைக்காகத்தான் இவ்வளவும் சொல்றேன். சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ், 1882ல் பிறந்த பிலடெல்பியாக்காரர். குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம், லிஃப்ட் செய்யும் தொழில், நல்ல வசதி. அதையெல்லாம் விட்டுட்டு 1904ல் சிம்லா மலையில் சபாத்துவிலுள்ள தொழுநோயாளர் இல்லத்தில் சேவை செய்ய வந்தார். அப்புறம் நார்கண்டாவுக்கு அந்தப் பக்கம் கோட்கரில் நிலம் வாங்கினார். 1912ல் உள்ளூர்ப் பெண் ஆக்னஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அந்த ஊர் மாப்பிள்ளையாவே ஆயிட்டார்.

ஹிமாசலத்தில் ஆப்பிளை முதலில் நட்டவர் இவர் இல்லை. 1870 வாக்கிலேயே குலுவில் பந்த்ரோல் என்ற இடத்தில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் தோட்டம் போட்டாச்சு. ஆனா அவர் வெச்சது இங்கிலாந்து நாக்குக்கு ஏத்த புளிப்பு ரகங்கள். நம்ம ஜனங்க வாயில் வைக்கலை. ஸ்டோக்ஸ் அதைக் கவனிச்சார். இந்தியாக்காரனுக்குப் பழம்னா இனிக்கணும். 1916ல் ஸ்டார்க் நர்சரியிலிருந்து டெலிஷியஸ் கன்றுகளை வரவழைச்சு நட்டார். அப்புறம் 1921ல் அவரோட அம்மா அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசு என்னன்னு நினைக்கிறீங்க? கோல்டன் டெலிஷியஸ் கன்றுகள்!

அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கன்று கொடுத்து நடவெச்சார். கோதுமை, உருளைக்கிழங்கை நம்பி இருந்த மலைச்சரிவுகள் கொஞ்சம் கொஞ்சமா ஆப்பிள் தோட்டமாச்சு. இன்னிக்கு சிம்லா மாவட்டத்தில் மாடி வீடு கட்டியிருக்கும் பல குடும்பங்களுக்கு அங்கேதான் ஆரம்பம்.

ஆப்பிளை விட எனக்குப் பெருசாத் தெரிவது இன்னொண்ணு. அந்த மலைகளில் 'பேகார்'னு ஒரு வழக்கம். துரைமார் மூட்டையைக் கிராமத்தான் கூலியில்லாம சுமக்கணும். அறுவடை நாளா இருந்தாலும் கூப்பிட்டா போகணும். ஸ்டோக்ஸ் கிராமத்தாரைத் திரட்டிப் போராடி 1921ல் அதை ஒழிச்சார். அதே வருஷம் டிசம்பரில் அரசாங்கம் அவரைப் பிடிச்சு ஆறு மாசம் உள்ளே போட்டது. நம்ம சுதந்திரப் போராட்டத்தில் சிறை போன ஒரே அமெரிக்கர் இவர்தான். 1932ல் இந்து மதத்துக்கு மாறி சத்யானந்தர்னு பேர் வெச்சுக்கிட்டார். 1946 மே மாசம் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம் சொச்சம்தான் பாக்கி. நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் இவர் பேரைப் பார்த்ததே இல்லை. தில்லிக்கு வந்தப்புறம், ஷிம்லா சேப்னு கூவுற தள்ளுவண்டியில் வாங்கித் தின்னுக்கிட்டே பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, அடுப்புக்கு வருவோம். முதல் தடவை சொதப்பல். குக்கரில் போட்டேன், ஆப்பிள் நுரைச்சு விசில் வழியா பீய்ச்சி அடிச்சு சுவரெல்லாம் கூழ். ஆப்பிள் கூழ் விசில் துவாரத்தையே அடைச்சிடும், ஆபத்து. குக்கர் பக்கமே போகாதீங்க. ரெண்டாவது தடவை வாய் அகன்ற பாத்திரத்தில் வெச்சேன். நிறம் வந்தது, மணம் வந்தது, ருசி மட்டும் சர்க்கரைத் தண்ணி. "அங்க இப்படி இருக்காதுப்பா"ன்னு மகள் முகம் சுருங்கிடுச்சு.

காரணம் அப்பத்தான் உறைச்சது. ஸ்டோக்ஸ் நம்ம நாக்குக்காகத் தேடித்தேடிக் கொண்டுவந்தது புளிப்பு குறைஞ்ச பழம். சைடருக்கு வேண்டியதே அந்தப் புளிப்பு. காஷ்மீரிலிருந்து வரும் மஹாராஜினு ஒரு ரகம் இருக்கு. பெருசா, சிவப்பும் பச்சையுமா, நல்ல புளிப்பு, நிறைய சாறு. அதை ஒரு கிலோ, டெலிஷியஸ் ஒரு கிலோ. தோலோடு நறுக்கி விதையை மட்டும் எடுத்துட்டு, மூழ்கி ரெண்டு விரல் நிக்கிற அளவு தண்ணி. ஒரு பட்டை, ஆறு கிராம்பு, ஜாதிக்காய் துளி உரசல், வெள்ளைப் பகுதி இல்லாம சீவின ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். மசிச்சு, இன்னும் அரை மணி. பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டணும். மஹாராஜி கிடைக்கலேன்னா இறக்கினப்புறம் எலுமிச்சம்பழம் பிழியலாம்.

பட்டை விஷயத்தில் ஒரு வார்த்தை. இங்கே மளிகைக் கடையில் 'தால்சீனி'னு தருவது பெரும்பாலும் தடிச்ச காசியா பட்டை. தால்சீனின்னாலே சீனத்து மரம்னு அர்த்தம். இலங்கைக் கறுவா மெல்லிசா, சுருட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். அது கிடைச்சா விடாதீங்க, காரம் தொண்டையைக் கடிக்காது.

கிராம்பைப் பொட்டலத்திலிருந்து எடுத்தப்ப அம்மா பக்கத்தில் வந்தாங்க. ஊரிலிருந்து அவங்களே கொண்டுவந்த கிராம்பு அது. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைத் தோட்டத்தில்தான் கிராம்பு மரம் நம்ம நாட்டுக்கே வந்ததுன்னு சொல்வாங்க. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கூடக் கிடைச்சாச்சு. அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு? மோந்து பார்த்து, "மாறாமலை கிராம்புல்லா!"ன்னாங்க.

அப்புறம் யாரையும் கேக்காம ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டு, கையளவு கருப்பட்டியும் போட்டாங்க. "பாட்டி, சைடர்ல அதெல்லாம் போட மாட்டாங்க"ன்னு மகள் பதறினா. காதிலேயே வாங்கிக்கலை.

கொதிச்சு இறக்கினதும் நாலு டம்ளரில் ஊத்தினேன். அம்மா டம்ளரை எடுக்கலை. மகள் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. தலை கிலை சுத்துதான்னு பார்த்தாங்களோ என்னமோ :-) அப்புறம் ஊதி ஊதி ஒரு வாய்.

"இது நம்ம சுக்குக்காப்பில்லா மக்ளே. ஆப்பிளு போட்டிருக்கு, அவ்வளவுதான்."

மகள் இன்னொரு டம்ளர் கேட்டா. மறுநாள் காலையில் தங்கமணி வண்டிக்காரரை நிறுத்தி மஹாராஜி ரெண்டு கிலோ வாங்கினாங்க.